ஓய்ந்தவர் குரலும் காமன் கூத்தும்

தோழர் சிலர் கூடித் தொடக்கிய நாடகங்கள் பற்றி நம்மவர் எழுதாமலில்லை. 1891ஆம் ஆண்டு, கல்லூரி மாணவராயிருந்த பம்மல் சம்பந்த முதலியார் நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படிப்பு முடிந்து அவர் வக்கீலானார், பின்னர் நீதிபதியுமானார், மாலைநேர ஒத்திகை மட்டும் நிற்கவில்லை. 1928இல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற பின், பழைய தோழரை ஒவ்வொருவராக நினைத்து ‘நாடகமேடை நினைவுகள்’ என்னும் நூலைப் பல பாகங்களாக எழுதி வெளியிட்டார். பெண்வேடம் பூண்டு தமக்கு இணையாக நின்ற ரங்கவடிவேலுவைப் பற்றி அவர் எழுதும் இடங்களிற் கலை விமரிசனத்தைக் காட்டிலும் நட்பின் சுவையே மிகுதி. அச்சபை 1906இலும் 1911இலும் கொழும்புக்கு வந்து நடித்தது. அந்த வருகையால் உந்தப்பட்டவர்களுள் ஒருவரே கலையரசு சொர்ணலிங்கம். 1889இற் பிறந்த அவர், ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலை 1968இல் வெளியிட்டபோது எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

இவ்விரு நூல்களும் நமக்கு அரிய செல்வங்கள். அவற்றைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், முதுமையில் நாடகத்தையும் இசையையும் பழந்தோழரோடு கூடி அனுபவிப்பதற்கு எவையெவை வேண்டும் என்பதை அந்நூல்களே, தாம் அறியாமல், நமக்குச் சொல்லிவிடுகின்றன. மாதந்தோறும் வரும் வருவாய் வேண்டும். சொந்த வீடு வேண்டும். எழுதிவைக்கக் கல்வியும் அச்சேற்ற அச்சகமும் வேண்டும். இவையொன்றும் இல்லாதவனுடைய ஓய்வுக்காலக் கலை எத்தகையது? வினாவைச் சென்னையிலும் கொழும்பிலும் வைத்துக் கேட்டுப் பயனில்லை. மலையேறிச் செல்லல் வேண்டும்.

அட்டனுக்கு அப்பால், களனி கங்கைக்கு நீரூட்டும் கெகல்கமு ஓயாவின் தலைப்பகுதியில் விரிந்து கிடக்கிறது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு. தேயிலையின் பொன்விளையும் பள்ளத்தாக்கு என்று வணிகர் இதனைப் புகழ்வர். அப்பொன் யார் கையில் விளைகிறது என்பதை லயங்களைப் பார்த்தவர் அறிவர். இங்கும் மலைநாட்டின் ஏனைய தோட்டங்களிலும் மாசி மாதம் அமாவாசை கழிந்து பிறை தோன்றியதும், காமன் திடலிற் கம்பம் ஊன்றுவர். அன்றுதொட்டு இரவுதோறும் பாட்டு. பௌர்ணமியன்று விடிய விடியக் கூத்து. ரதியும் மன்மதனும் வேடம் பூண்டு லயம் லயமாக வருவர்; இந்திரனின் தூதன் ஓலை கொணர்வான்; சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணின் தீயில் எரிவான்; ரதி அழுவாள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலிக்காகக் கடல் கடந்தவர்கள் மூட்டைமுடிச்சோடு கொண்டுவந்த கலை இது. அவர்கள் கொண்டுவந்த வேறு பொருள்கள் பல இன்று இல்லை. இது இருக்கிறது.

இக்கூத்தைத் தாங்கி நிற்போர் யாவர்? அரிதாரம் பூசிய இளைஞர்மீதே நமது கண் முதலிற் செல்லும். வேடம் பலவேளைகளில் நேர்த்திக்கடனாக ஏற்கப்படுவது. அதற்கு இளங்கால்கள் வேண்டும். ஆனாற் சற்றுக் காதை அத்திசையினின்று விலக்கி, பின்னால் உடுக்கோடும் தாளத்தோடும் நிற்கும் முதியவர்களிடம் வைத்தால், கூத்து எங்கிருந்து பிறக்கிறது என்பது விளங்கும். அடியெடுத்துக் கொடுப்பவர் ஒருவர். அதை வாங்கிப் பாடுவோர் நால்வர் ஐவர். ஆடுவோன் சொல் மறந்து தடுமாறும்போது அவன் மறந்தது அவையோர்க்குத் தெரியாதவாறு பாட்டை நீட்டி அவனைக் கரைசேர்ப்பவர்களும் இவர்களே. தோட்டத்திலிருந்து பேர் நின்றுபோனவர்கள். அதாவது, செக்றோலில் இடம் இழந்தவர்கள். இவர்களிற் பலர் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

பள்ளிக்கூடம் என்ற சொல்லை இங்குச் சற்று நிதானித்தே வழங்கல் வேண்டும். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது, அதன் முழுப்பயன் தோட்டங்களை எட்டவில்லை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை, ஒரு கொட்டகையில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புக்களையும் நடத்துவதுதான் பெரும்பாலும் தோட்டப் பாடசாலை. ஐந்தாம் வகுப்போடு பிள்ளை கொழுந்துக்கோ புல்லு வெட்டவோ போய்விடும். எனவே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்குப் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளி இருந்தது. அது இரவில் நடந்தது. அதன் ஆசிரியர் கூத்து வாத்தியார். கையெழுத்துக் கொப்பியிலிருந்து அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் காதால் வாங்கி மனத்திற் பதித்தனர். பகற்பள்ளி தராத நினைவாற்றற் பயிற்சியையும், கூடிநின்று ஒரு செயலைச் செய்யும் ஒழுங்கையும் இரவுப்பள்ளி தந்தது.

அந்த வகுப்பும் முழுமையாக நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயைக் கேட்டுப் பிள்ளையைப் பங்கிடவில்லை. தோழனைக் கேட்டுத் தோழனையும் பங்கிடவில்லை. ஒரே வாத்தியாரிடம் பாட்டுக் கேட்டவர்களில் ஒருவன் பொகவந்தலாவையிற் கொழுந்து நிறுக்க, மற்றவன் நீலகிரியிற் கூடலூரிலோ கோத்தகிரியிலோ அதே தேயிலையின் நடுவே குடியேற்றப்பட்டான். காமன் பாட்டு ஒருவரிடமே முழுவதும் இருப்பதன்று. தர்க்கம் ஒருவருக்கு நன்கு வரும். ரதி புலம்பல் இன்னொருவருக்கு. ஓலை வாசிப்பு வேறொருவருக்கு. ஆகவே கப்பலேறிய ஒவ்வொருவரோடும் பாட்டில் ஒரு பகுதியும் கப்பலேறியது. இன்று திடலிற் சில இடங்களில் முதியவர்கள் சொல்லின்றி வெறும் மெட்டை மட்டும் இழுத்து, அடுத்த அடிக்குத் தாவுகின்றனர். நாட்டார் கலையிலுள்ள இத்தகைய இடைவெளிகளுக்கு ஆராய்ச்சியாளர் ‘வாய்மொழி மரபின் நெகிழ்ச்சி’ என்று பெயரிடலாம். இந்த இடைவெளிக்கு ஒரு தேதியும் இரு பிரதமர்களின் கையொப்பமும் உண்டு.

இனி அவர்களின் ஓய்வு. ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் உள்ளதுபோல் தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவையாண்டு ஒன்றுக்கு 14 நாட்சம்பளம் பணிக்கொடையாக உரியது. 2021இல் நெடுநாட் போராட்டத்தின் பின் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், 35 ஆண்டு மலையில் நின்றவருக்கு 4,90,000 ரூபா. ஒரு மகளின் கலியாணம், ஒரு கூரைத்தகரம், பழைய கடன், தொகை முடிந்தது. பிறகு கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தல். அல்லது மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலி. எனவே அவருடைய ‘ஓய்வு’ என்பது உழைப்பின் முடிவன்று. உழைப்பின் பாதுகாப்பு முடிந்துபோன நிலை. இந்நிலையில் நின்றுகொண்டு மாசி மாதத்து இரவுகளிற் பதினைந்து நாள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். கூலியில்லை. நிறுக்கும் தராசில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் சொன்ன வேலையைச் செய்தவர்கள் தாமாக விரும்பிச் செய்யும் வேலை இது ஒன்றே என்று நாம் கருதுகிறோம். இதனைப் பொழுதுபோக்கு என்று எழுதுவோர் பொழுதைப் பற்றியும் அறியார். போக்கைப் பற்றியும் அறியார்.

கூத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். நம் முற்போக்கு நண்பர்களிற் சிலர் இதனைப் பழைய புராணக் குப்பை என ஒதுக்குவர். கதை புராணக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கதை எந்த அவையின் முன் எந்தக் குரலிற் சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்காமற் கதையை மட்டும் பிடித்துக்கொள்வது விமரிசனமாகாது. இக்கூத்தில் நமது உள்ளத்தைப் பற்றுவது தகனத்தைவிட அதற்கு முந்திய தர்க்கமே. ஓலை வந்துவிட்டது, மன்மதன் புறப்படுகிறான், ரதி மறிக்கிறாள். தான் கண்ட தீக்கனவைச் சொல்கிறாள். சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வாதம் நீளுகிறது. வைணவமும் சைவமும் மோதுவதாகப் பண்டிதர் இதற்கு உரை கூறுவர். திடலைச் சுற்றிக் கம்பளி போர்த்தியிருக்கும் சனங்களுக்கு அந்த உரை வேண்டியதில்லை. மேலிடத்து ஓலை ஒன்று வந்தால் மறுக்க முடியாது என்பது அவர்கள் குடும்பங்களின் கதை. ‘துண்டு’ என்னும் சீட்டில்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் ஒன்று இருந்தது. 1921இல் அம்முறை ஒழிந்தும் அதன் நினைவு ஒழியவில்லை. ஏவிய தேவர்கள் எவரும் எரியவில்லை, ஏவப்பட்டவன் எரிந்தான். இதைக் கூத்து வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஓலை வாசிக்கும் முதியவர் அந்த இடத்திற் குரலைத் தாழ்த்தி, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும் தோரணையில் வாசிக்கும்போது சனங்கள் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு எந்த அச்சுப் பிரதியிலும் இல்லை. இளைஞர் வாசித்தால் அது எழுவதுமில்லை. பிரட்டுக்களத்தில் நாற்பது வருடம் நின்ற காதுக்கே அந்தத் தோரணை பிடிபடும்.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லிச் செல்வோம். பொகவந்தலாவையின் சென் மேரீஸ் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கில அம்மையார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர், 1879இல் மறைந்தவர். இங்கிலாந்தில் வைற் தீவில் வாழ்ந்தபோது வீட்டிலேயே சிறு நாடகங்களை நண்பரைக் கொண்டு நடத்தி மகிழ்ந்தவர். 1875இல், முதுமையில், கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர்: இராசகாரியத்தை நீக்கப் பரிந்துரைத்து, பெருந்தோட்ட முதலுக்கு வழிதிறந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவினர். இங்கு அவ்வம்மையார் எடுத்த படங்களிற் சாதாரண மக்களும் தொழிலாளரும் உள்ளனர். இங்கிலாந்திற் படமெடுத்த கவிஞருக்கும் அறிஞருக்கும் பெயர் உண்டு, இவர்களுக்குப் பெயர் இல்லை. அம்மையாரின் கலையைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவர் கல்லறையைத் தேடி இன்றும் வெளிநாட்டார் மலையேறி வருகின்றனர். காமன் திடல் எங்கே என்று அவர்களிற் கேட்பார் அரியர்.

கேட்போரும் சிலர் உண்டு. அவர்களாற் கூத்துக்கு நேர்வது வேறு வகைத் துன்பம். கலைவிழா, சாகித்திய விழா என்று நகரத்து மேடையேற்றிப் பத்து நிமிடத்திற் காமனை எரித்து முடிக்கின்றனர். ஒலிபெருக்கி முன் இரண்டு பிள்ளைகள் ஆட, முதியவர்கள் திரைக்கப்பால் நிறுத்தப்படுகின்றனர். அல்லது ஒலிப்பதிவே போதும் என வீட்டிலேயே விடப்படுகின்றனர். பதினைந்து இரவுகள் கூடிப் பாடுவதுதான் கலை. இறுதி இரவு அதன் விளைவு. விளைவை மட்டும் அறுத்தெடுத்துச் செல்வதிற் பயனென்ன? மாத்தளை வடிவேலன் தமது ‘மலையகப் பாரம்பரியக் கலைகள்’ நூலிலும், சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோதும், பாட்டைப் பாடுவோரின் வாழ்விலிருந்து பிரிக்காமல் நோக்கினர். அவ்வழி வந்த முயற்சிகள் இன்னும் வேண்டும்.

கூத்தைப் போற்றுகிறோம் என்பதற்காக அதன் குறைகளை மூடுதல் தகாது. ரதியின் புலம்பல் யாருடைய மெட்டு? தோட்டத்துப் பெண்கள் பிணத்தின் தலைமாட்டில் இருந்து பாடும் ஒப்பாரியின் மெட்டு. அதை ஆண் பாடுகிறான். பெண் பார்த்து அழுகிறாள். இளமையிற் கும்மியும் தாலாட்டும் பாடிய கிழவியர் அதே பள்ளியில் அதே வாங்கில் இருந்தவர்களே. ஆண்களுக்கேனும் பேர் நின்றபின் மாசி இரவுகள் எஞ்சின. பெண்ணுக்குப் பேர் நின்றதும் மகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வீட்டுவேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளோடு இரண்டாம் உழைப்புத் தொடங்குகிறது. முப்பதுகளில் மீனாட்சி அம்மையார் தம் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டங்களில் ஏறி இறங்கி, தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். பெண்குரல் இம்மலைகளிற் பொதுவிடத்தில் ஒலித்ததில்லை என்று எவரும் சொல்லவியலாது. மன்மதன் வேடத்துக்கு விரதம் காக்கத் தெரிந்த சமுதாயம் ரதியின் பாட்டை அதன் உரிமைக்காரியிடம் கொடுத்தால் எந்தத் தெய்வம் கோபிக்கும்?

தப்பைப் பற்றியும் ஒரு சொல். தப்பு இல்லாமற் காமன் இல்லை. விடியற்காலையிற் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. சாவுக்கு அடித்ததும் தப்பு. அதைத் தொடுவோர் இன்னார்தாம் என்ற சாதிக்கட்டு லயத்திலும் தொடர்ந்தது. திடலில் ஒன்றாகப் பாடிய தோழர் சிலர் தண்ணீர்ச் செம்பில் ஒன்றாகாமல் இருந்ததும் உண்டு. இன்று இளைஞர் பலர் சாதி பாராமல் தப்பைத் தோளிலே மாட்டுகின்றனர். முதியவர்களில் ஒரு சாரார் இதனை முகஞ்சுளித்தே பார்க்கின்றனர். இந்த ஒரு விடயத்திற் பாட்டறிந்தோரைவிடப் பாட்டறியாதோரே கூத்தை நன்கு அறிந்திருக்கின்றனர் என்போம்.

பௌர்ணமி இந்நாட்டிற் போயா விடுமுறை. ஆதலால் எரிப்பு இரவுக்குச் சனத்துக்குக் குறைவில்லை. கொழும்புக் கடைகளில் நிற்கும் பையன்களும் வந்துசேர்வர். எரிந்த காமனை எழுப்பும் சடங்கு மூன்றாம் நாள். அன்று பெரும்பாலும் வேலைநாள். காலை பிரட்டுக் கலைந்து, கொழுந்துக்காரர் மலைக்கும், பையன்கள் பஸ்ஸுக்கும் போய்விட, சாம்பல் கிடக்கும் திடலுக்கு வருவோர் பேர் நின்றுபோனவர்கள் மட்டுமே. ஐந்தாறு பேர் இருப்பர். வேடமில்லை, அவையில்லை. ஒருவர் உடுக்கையை மடியில் வைத்துத் தட்டிப்பார்த்து வாரை இறுக்குகிறார், மற்றவர் அடியெடுக்கிறார், மேலே மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்களிற் சிலர் கூடையோடு நிமிர்ந்து, பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு மறுபடி குனிகின்றனர்.