நிஜமான முகங்கள், நிஜமான விளம்பரம்

2021இல் வந்த ‘பிளே டு ஏர்ன்’ குறு ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். பிலிப்பைன்ஸின் கபானாதுவான் நகரில், கோவிட் ஊரடங்கில் வருமானம் நின்றுபோனவர்கள் ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற பிளாக்செயின் விளையாட்டை ஆடிப் பிழைத்த கதை. சிறு கடை நடத்தும் முதிய தம்பதிகூட ஆடுகிறார்கள். அவர்கள் முகத்தில் நடிப்பே இல்லை.

எனக்குச் சிக்கலே அங்கேதான். ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைக்கும் எஸ்.எல்.பி. டோக்கன், புதிய ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்யப் பயன்பட்டது. அந்த ஆக்ஸிகளை யார் வாங்குவார்? பெரும்பாலும் புதிதாக ஆட வருகிறவர்தான். அப்போது சேர்வதற்கே மூன்று ஆக்ஸி வேண்டியிருந்தது. ஆக, பழையவரின் சம்பாத்தியம் புதியவரின் முதலீடு. அப்படியென்றால், ‘எனக்குக் கிடைச்சது, நீயும் வா’ என்பது வெறும் நன்றியா? காசு வாங்கிக்கொண்டு சொல்லவில்லைதான். ஆனால் சொன்னால்தானே காசு வந்துகொண்டிருக்கும்!

படத்தில் பேசும் கேபி டிசோன், ஆக்ஸிகளை இரவல் கொடுத்து ஆடுபவர் வருமானத்தில் பங்கு எடுத்த யீல்ட் கில்ட் கேம்ஸின் இணை நிறுவனர். அவர் பேசலாம். ஆனால் அவரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்டைத் தாண்டிய எஸ்.எல்.பி., 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 1 சென்டுக்கு இறங்கியது. கடைசியாகச் சேர்ந்தவர்களைப் பற்றி இதே அழகோடு யாராவது படம் எடுப்பார்களா?

படத்தைப் பாருங்கள். ஒவ்வொருவர் பேசும்போதும், நாம் நம்பினால் இவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.