கீழக்கரை முடிச்சு

அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டும் கலையை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் ஷார்ஜா அறையில் கட்டுகிற உரிமை கீழக்கரைக் காக்காவுக்கு மட்டும்தான். காக்கா என்றால் அவர் ஊர்ப் பேச்சில் அண்ணன். நீல நைலான் கயிறு, சுண்டுவிரல் கனம். பெட்டியின் விலாவில் முழங்காலை ஊன்றி, நெடுக்கே மூன்று, குறுக்கே இரண்டு ஓட்டுவார். மேலே கயிறும் கயிறும் சந்திக்கிற ஆறு இடத்திலும் ஆறு சின்னஞ்சிறு முடிச்சுகள், மல்லிகை மொட்டு மாதிரி. அத்தனை இறுக்கத்திலும் அட்டை ஓரிடத்தில்கூட நசுங்கியிருக்காது. கடைசி முடிச்சுக்கு மட்டும், "தம்பி, விரலை வை" என்பார். வைத்த விரலை உருவுகிற கணத்தில் முடிச்சு பூட்டிக்கொள்ளும்.

அடுக்கியதும் அவர்தான். பால்பவுடர் டின்கள் அடியில், சுற்றிலும் கம்பளி, நடுவே, கருவறையில் வைத்தது போல, பேரீச்சை. கோடாலித் தைலப் புட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள் குழந்தையாய் உறங்கும். 30 கிலோதான் அனுமதி. தொங்குதராசு 29.8 காட்டியது. அந்த 200 கிராம் வீணாவதை அவர் மனம் ஒப்பவில்லை. மூலையில் ஒரு சோப்பைச் செருகினார்.

பிறகு மார்க்கர். ஆங்கிலத்தில் முகவரி எழுதி, அதன் கீழே யாரும் கேட்காமலே தமிழில் என் ஊர்ப்பெயரை, 'எலப்புள்ளி' என்று எழுதினார். 'ள்ளி'யின் கொக்கியை எவ்வளவு ஆசையாக வளைத்தார்! 11 வருடம் அந்தப் பெயரைப் பெட்டிமேல் பார்க்கத் தவித்தவன் நான். பார்த்ததும் என் கை ஏனோ கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டது. ராத்திரி அதில் வேறொருவரின் விரிப்பு விழும்.

முந்தைய வெள்ளிக்கிழமை கடைசியாக ரோலா சதுக்கத்துக்குப் போயிருந்தோம். அங்கே நின்ற பேராலமரம் 1978லேயே சாய்ந்துவிட்டது. எங்கள் அறையில் யாரும் அதைக் கண்டதில்லை. ஆனாலும் அந்த நிழலில்தான் நாங்கள் இத்தனை வெள்ளிக்கிழமைகளும் ஊர்க்கதை பேசியிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோவையில் இறங்கி, வாளையாறில் டீ குடிக்கக் காரை நிறுத்தினோம். மார்கழிக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு விலகி வழிவிடுகிற கணவாய் அல்லவா, கிழக்கிலிருந்து கொட்டித் தீர்க்கிறது. காரின் மேல் கட்டியிருந்த பெட்டியில் அந்த நீலக்கயிறு மெல்ல ரீங்கரித்தது. தம்பூராவின் ஒற்றைத் தந்தியைத் தடவியது போல. டீ ஆறியும் கேட்டுக்கொண்டே நின்றேன்.

எலப்புள்ளியில் வரப்புப் பனைகள் அதே காற்றில் சடசடத்தன. அயல்தேசத்தில் எத்தனை இரவு நினைத்து ஏங்கிய ஓசை! அன்றிரவோ, ஏ.சி.யின் பழைய உறுமல் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் கத்தியை எடுத்தேன். "அறுக்காதடா, கொடிக்கயித்துக்கு ஆகும்" என்று அம்மா தடுத்தாள். நகத்தால் நெம்பி நெம்பி ஐந்து முடிச்சை அவிழ்த்தாள். தளர்ந்த அட்டையின் இடுக்கிலிருந்து எங்கள் அறையின் வாசனை வந்தது: அத்தர், வெங்காயம், இஸ்திரிச் சூடு. ஆறாவது அசையவில்லை. காக்காவுக்குப் போன் போட்டேன்.

சிரித்தார். "ஒன் வெரல் இருந்த எடத்துல நெம்பு, தம்பி."

அந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.