பழஞ்சேலைப் போர்வை

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரியில் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரைத் தேயிலைத் தோட்ட லயத்தின் (வரிசை வீடுகளின்) பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் தாங்க நம் மலையகப் பெண்கள் கண்ட வழிகளில் அருமையானது பழஞ்சேலைப் போர்வை.

ஐந்தரை மீட்டர்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஓர் ஆள் நீளம் வரும். நைந்த சேலைகள் உள்ளே போகும். நிறம் மங்காதது மேலே வரும். முதலில் நான்கு ஓரமும் தைத்து, பிறகு விரலிடை விட்டு நெடுக ஓட்டுத்தையல் போடுவார்கள். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று சூட்டைக் காக்கிறது. பல வருடம் துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வராது.

தனியாகத் தைத்தால் துணி சுருங்கும். அதனால் கொழுந்து பறிக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமையில், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காருவார்கள். "அக்கா, அந்த ஓரத்தக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க" என்பதில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பு, சீட்டுக்காசு, மகளின் கல்யாணம் என்று பேச்சு நீளும். பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி போர்வைக்கென்று தன் மெல்லிய சேலையொன்றைக் கொடுப்பாள்.

ஹட்டனில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேயிலைப் பைகளையும் கொண்டு மலையக வாழ்வைப் படைக்கிறார். கழித்துப் போடுவதில் அழகைக் காணும் அதே கண் இந்தத் தையற்காரிகளுக்கும் உண்டு. கம்பளைப் பகுதியில், பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு சுவர் முழுக்க இந்தப் போர்வைகள் தொங்க வேண்டும், தைத்தவர்களின் பெயர்களோடு.