ஆறு உண்டு, ஒன்று இல்லை!

"உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார்?"

புதுக்கோட்டை வகுப்பறை ஒன்றில், குடிமையியல் பாடத்தின்போது இவ்வினாவை எழுப்பினோம். நகரத்துப் பிள்ளைகள் திருச்சி உறுப்பினரைச் சொன்னார்கள். இலுப்பூர்ப் பக்கத்து மாணவன் கரூர் உறுப்பினரைச் சொன்னான். திருமயத்து மாணவி சிவகங்கை உறுப்பினரைச் சொன்னாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மணமேற்குடிச் சிறுவனோ இராமநாதபுரத்து உறுப்பினரைச் சொன்னான். நான்கு விடைகள், நான்கும் சரி! கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்படியானால் புதுக்கோட்டைக்கு யார், சார்?" அதற்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை.

அந்த வினாவின் வேரைத் தேடிச் சென்றபோது கிட்டிய ஏட்டையே இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 2008 பிப்ரவரி 19இல் நடைமுறைக்கு வந்த தொகுதி எல்லை நிர்ணய ஆணைதான் அது. காவியத்தைத் திறனாய்வர், நாடகத்தைத் திறனாய்வர், அரசாணையைத் திறனாய்வதா என்று புலவர் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். தலையெழுத்தை நம்பாதவர் நாம். ஆனால் மனிதர் கூடி ஓர் ஏட்டில் எழுதி, அதை மக்களின் தலையெழுத்தாக ஆக்கிவிடுவது உண்டு. அத்தகைய ஏட்டைப் படிக்காமல் விடுவது பகுத்தறிவாளர்க்கு அழகாகுமா?

ஏட்டின் உள்ளடக்கம் எளியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறு. கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சியோடு சேர்ந்தன. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்குச் சென்றன. விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு. புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி பட்டியலிலிருந்தே மறைந்தது.

மறைந்தது நேற்று முளைத்த பெயரன்று. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அரசரின் குடிகளாயிருந்தோர் வாக்காளரானார்கள். முதல் பொதுத் தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசைத் தேர்ந்தெடுத்து டில்லிக்கு அனுப்பினார்கள். 1962இலும் 1967இலும் பொதுவுடைமைத் தலைவர் உமாநாத்தை அனுப்பினார்கள். 1996இல் திருச்சி சிவாவை, 2004இல் ரகுபதியை அனுப்பினார்கள். கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. ஆனால், "எங்கள் ஆள்" என்று சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தார். தவறினால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் உரிமையும் இருந்தது.

இனி, ஏட்டை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்ப்போம். 2002ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயச் சட்டம் என்ன கூறுகிறது? தொகுதி இயன்றவரை நிலப்பரப்பில் செறிவாக அமைய வேண்டும். நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்தையும் மக்களின் வசதியையும் கருத வேண்டும் என்கிறது. நல்ல இலக்கணம்! இலக்கியம் எப்படி? விராலிமலை சேர்ந்துள்ள கரூர்த் தொகுதியில், கரூர் மாவட்டப் பகுதிகளோடு திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரும் திருச்சி மாவட்டத்து மணப்பாறையும் உள்ளன. நான்கு மாவட்டத்துத் துண்டுகளைத் தைத்த சட்டைக்குச் செறிவென்று பெயரா?

"மக்கள்தொகை போதவில்லை" என்பர் சிலர். கணக்கைப் பார்ப்போம். ஆணைக்கு அடிப்படையான 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 கோடியே 24 இலட்சம். அதை 39 தொகுதிகளுக்குப் பங்கிட்டால், ஒன்றுக்குச் சராசரி 16 இலட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 14 இலட்சத்து 60 ஆயிரம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல்! அதுமட்டுமன்று, 234 சட்டமன்றத் தொகுதிகளை 39ஆல் வகுத்தால் ஆறு. நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பதே தமிழ்நாட்டின் வாய்ப்பாடு. புதுக்கோட்டையில் இருப்பவையும் ஆறே. எல்லா மாவட்டத்துக்கும் தனித்தொகுதி கேட்க இயலாது என்பதை அறிவோம். ஆனால் ஆறு வைத்திருக்கும் மாவட்டத்துக்கு அந்த ஒன்று ஏன் இல்லை?

"ஒருவர் போய் நால்வர் வந்தனரே, இலாபந்தானே!" என்று தேற்றுவோரும் உண்டு. திருச்சியில் நம் பங்கு ஆறில் இரண்டு. சிவகங்கையில் ஆறில் இரண்டு. கரூரில் ஆறில் ஒன்று. இராமநாதபுரத்தில் ஆறில் ஒன்று. எங்கும் நாம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. நான்கு வீட்டுக்கு விருந்தாளியாய்ப் போகிறவனுக்கு எந்த வீட்டிலும் உரிமையில்லை.

இது வெறும் பெருமை பற்றிய பேச்சன்று. 2017 பிப்ரவரி 15இல் ஒன்றிய அமைச்சரவை ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அப்பட்டியலில் நெடுவாசலும் இருந்தது. உழவர் திரண்டு போராடினர். நெடுவாசலோ ஆலங்குடிப் பகுதி; டில்லியில் அதற்காகப் பேச வேண்டியவர் சிவகங்கை உறுப்பினர். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் கடலில் சிறைபிடிக்கப்பட்டால், அயலுறவு அமைச்சரிடம் செல்ல வேண்டியவர் இராமநாதபுரம் உறுப்பினர். வயலின் துயரும் கடலின் துயரும் ஒரே மாவட்டத்தின் துயர்கள். அவற்றை ஒருசேர எடுத்துரைக்கும் வாய் எது? ஓர் இடத்தில் என்ன இருக்கிறது என்போர் 1999 ஏப்ரல் 17ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது ஒரே ஒரு வாக்கில்!

குற்றம் முழுவதையும் டில்லியின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவ நமக்கு மனமில்லை. முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அந்த ஆணையத்தில் மாநிலத் தேர்தல் ஆணையருக்கும் இடமிருந்தது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் நாடாளுமன்ற உறுப்பினர் ஐவரும் சட்டமன்ற உறுப்பினர் ஐவரும் இணை உறுப்பினராகலாம் என்றது சட்டம். வாக்குரிமை இல்லை, வாய் இருந்தது. வரைவை வெளியிட்டு மறுப்புரை கேட்பதும் முறை. இறுதி ஆணை வெளியான பின்னரோ, நீதிமன்றத்திலும் வினவ முடியாது என்கிறது சட்டத்தின் 10ஆம் பிரிவு. பேசவேண்டிய காலம் வரைவின் காலமே. நம்மில் எத்தனை பேர் அன்று அவ்வரைவைப் படித்தோம்? ஆணை வந்தபின் 2009 தேர்தலில், வாக்களிக்க விரும்பவில்லை என்று 49-ஓ விதிப்படி பதிவேட்டில் எழுதிச் சினத்தைக் காட்டியோர் உண்டு. அவர்தம் மானவுணர்ச்சியை மதிக்கிறோம். ஆனால் கதவு சாத்தியபின் தட்டிய தட்டு அது.

இன்னொன்றும் கூறவேண்டும். 1962இல் 41 இடங்களைப் பெற்றிருந்த தமிழகம், 1967இல் 39ஆகக் குறைந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே மேலும் இடமிழக்கலாகாது என்று நாம் வாதிடுகிறோம். நேர்மையான வாதம். எண்ணிக்கை மட்டும் நீதியாகாது, ஒரு மண்ணின் தனிக்குரலும் காக்கப்பட வேண்டும் என்பதன்றோ அதன் சாரம்? அதே நீதி சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே செல்லாதா? டில்லியிடம் 39க்காக வாதாடும் கட்சிகள், 39க்குள் காணாமற்போன ஒன்றுக்காகவும் வாதாட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு நீதி, மாவட்டத்துக்கு ஒரு நீதி என்றால், கூட்டாட்சி மேடைப் பேச்சாய் முடிந்துவிடும்.

தோழர்களே! எல்லை வரையும் நாள் மீண்டும் வரும். வரைவு வெளியாகும் அன்றே அதை வாங்குங்கள். படிப்பகங்களில் உரக்கப் படியுங்கள். ஊர்தோறும் கூடி, உரிய நாளுக்குள் மறுப்புரை எழுதி அனுப்புங்கள். வாக்குக் கேட்டு வருவோர் எக்கட்சியினராயினும், "ஆறு இங்கே, ஒன்று எங்கே?" என்று கேளுங்கள். மனிதர் எழுதிய ஏடு அது, மனிதராலேயே திருத்தப்படும். கடைசி வரிசை மாணவனுக்கு நாம் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறோம்.