‘பெரியோர்களே, தாய்மார்களே’: கிராம சபை அறிவிப்பை வாசித்தல்

நாவலையும் கவிதையையும் பெண்ணிய நோக்கில் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். சினிமாவையும் சோப்பு விளம்பரத்தையும்கூட நாம் விட்டுவைக்கவில்லை. ஆனால் நம் தெருவிளக்கையும் குழாய்த் தண்ணீரையும் தீர்மானிக்கிற எழுத்தை விமர்சகர்கள் யாரும் தொடுவதில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் கிராம சபை அறிவிப்பு, அதில் வரிசையாக அச்சாகியிருக்கும் கூட்டப் பொருள், கூட்டம் முடிந்தபின் எழுதப்படும் தீர்மானப் பதிவேடு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பிரதியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் இந்தப் பிரதி ஒரே நாளில் வெளியாகிறது. இத்தனை பிரதி போகிற எழுத்தாளர் தமிழில் வேறு யாரும் இல்லை.

முதலில் அழைப்பு. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிறவர் ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்றுதான் தொடங்குவார். அரசியல் மேடையிலிருந்து ஊராட்சிக்கு இறங்கி வந்த விளி இது. ஆண் வயதாலும் மரியாதையாலும் பெரியவர். பெண் பிள்ளை பெற்றதால் தாய். கல்யாணம் ஆகாதவள், கணவனை விட்டு வந்தவள், பிள்ளை இல்லாதவள், 19 வயதில் முதல்முறை வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய கல்லூரி மாணவி, திருநங்கை என்று இந்த விளிக்குள் நுழைய முடியாதவர்களைக் கணக்கெடுத்தால் ஊரில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆம் பிரிவு இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை என்கிறது, அவ்வளவுதான். அங்கே தாயும் இல்லை, பெரியவரும் இல்லை. சட்டம் ஆளாகப் பார்ப்பதை அறிவிப்பு உறவாக மாற்றிவிடுகிறது. உறவாக்கிய பிறகு தாய்க்கு என்ன வேலை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒலிபெருக்கிக்கு முன்னால் தண்டோரா இருந்தது. அரசின் குரல் ஒரு தலித் ஆணின் தோளில் தொங்கிய பறை வழியாகவே ஊருக்குள் வந்தது. சேதி சொல்ல அவர் வேண்டும், சபையில் உட்கார மட்டும் அவர் வேண்டாம். 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி இந்த வழக்கத்துக்குத் தடை போடச் சொன்னார். அறிவிக்கிற முறை எப்போதும் வெறும் தொழில்நுட்பச் சங்கதியாக இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இன்று அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்பது யாருடைய எண்? வீட்டில் நல்ல போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது? சுவரில் ஒட்டிய தாளையாவது ரேஷன் கடைக்குப் போகிற வழியில் ஒரு பெண் நின்று படிக்கலாம்.

அடுத்தது நாளும் நேரமும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் இருந்தன. 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு என்று அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் பழைய நான்கும் விடுமுறை நாட்கள், நேரம் பெரும்பாலும் காலை 11 மணி. விடுமுறை என்ற சொல்லை அரசு ஆணின் நாட்காட்டியிலிருந்து எடுத்திருக்கிறது. பிள்ளைகள் வீட்டில், கணவன் வீட்டில், கறி எடுத்து வந்திருப்பார்கள், மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கும். அன்றைக்கு 11 மணி என்பது அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம். சமையலை முடித்துவிட்டு வா என்று எந்த அறிவிப்பிலும் அச்சடிக்கவில்லை. அச்சடிக்காமலே அந்த நிபந்தனை செல்லுபடியாகிறது.

அப்படியானால் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லையா? வருகிறார்கள். ஆண்களைவிட அதிகமாகவே வருகிறார்கள் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கேதான் பிரதியைக் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. ஊரில் ‘கோரம்’ என்பார்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணை நிரப்புகிறவர்கள் யார்? நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், தூய்மைக் காவலர்கள். பணித்தளப் பொறுப்பாளர் வந்து ‘சபைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா’ என்று கூப்பிடுவார். போகாவிட்டால் வேலை அட்டைக்கு ஏதாவது வருமோ என்ற பயமும் இருக்கும். பெண்ணின் கைரேகை சபையைச் சட்டப்படியானதாக்குகிறது. கையெழுத்து விழுந்த பிறகு அவள் கிளம்பிவிட்டாலும் யாரும் தேடுவதில்லை. எண்ணிக்கைக்கு அவள், பேச்சுக்கு மற்றவர்கள்.

இது என் மனத்தாங்கல் மட்டுமில்லை. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிச்சாமி மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சை எழுத்தாக்கி ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்கள் பேசும் வாய்ப்பு குறைவு, பேச்சின் போக்கை அவர்கள் திருப்புவது குறைவு, கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பதில் அதிகாரிகளிடமிருந்து கிடைப்பதும் குறைவு என்பது அவர்கள் கண்டது. தலைவர் பெண்ணாக இருக்கும் ஊராட்சிகளில் பெண்களின் பேச்சுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது என்றும் கண்டார்கள். இடஒதுக்கீட்டைக் கேலி பேசுகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட வேண்டிய ஆய்வு இது. ஒரு குறை மட்டும் சொல்வேன். ஒலிப்பதிவுக் கருவிக்கு மைக் முன்னால் நடந்த பேச்சுதான் கேட்கும். கூட்டம் கலைந்தபின் வேப்பமரத்தடியில் ஊராட்சிச் செயலரைப் பெண்கள் மடக்கி நிறுத்திக் கேட்கிற கேள்விகளுக்கு எழுத்து வடிவம் கிடையாது. என் அனுபவத்தில் சபையின் நல்ல பகுதி அங்கேதான் நடக்கிறது.

இனி பதிவேடு. தமிழ்ப் பேச்சில் செயப்பாட்டு வினை மிகவும் அரிது. ‘என்னால் சோறு ஆக்கப்பட்டது’ என்று எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. தீர்மானப் பதிவேட்டில் அந்த வினையைத் தவிர வேறு வினையே இல்லை. வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது, ஒப்புதல் அளிக்கப்பட்டது, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. யார் வாசித்தார், யார் மறுத்தார், யார் எழுந்து நின்றார் என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. எழுவாயைக் களைந்துவிட்ட இலக்கணம் இது. எழுவாய் போனால் முதலில் காணாமல் போகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் மகளிர் சுகாதார வளாகம் பற்றிப் பேச்சு வந்தது. 2001 வாக்கில் ஊருக்கு ஊர் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்களில் அதுவும் ஒன்று. ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா எழுந்தார். ‘மோட்டார் காயில் போயி ஒம்போது மாசமாச்சு. பூட்டுத் தொங்குது. பொழுது சாஞ்சதும் வயசுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு டார்ச் அடிச்சுக்கிட்டு ஏரிக்கரைக்குப் போறோம். அந்த வழியிலதான் பிராந்திக்கடை. நாங்க போறதப் பார்த்துக்கிட்டே குடிக்கிறானுங்க. நீங்க யாராச்சும் ஒரு நாள் அந்த நேரத்துக்கு வந்து பாருங்க’ என்றார். பற்றாளராக வந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மகளிர் சுகாதார வளாகப் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டு உரிய நடவடிக்கை மேற்கொள்ள ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது.

இந்த ஒரு வரியில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம். ஒன்பது மாதம் போயிருக்கிறது. பொழுது சாய்ந்த நேரம் போயிருக்கிறது. டார்ச்சும் ஏரிக்கரையும் பயமும் போயிருக்கின்றன. மதுக்கடை முழுசாகப் போயிருக்கிறது. அந்த அக்கா கழிப்பறையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தண்ணீர், மோட்டார், இருட்டு, மதுக்கடை, பெண் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கோத்தார். அவர் வாழ்க்கையில் அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. கூட்டப் பொருளில் அவை தனித்தனி எண்கள். அவற்றில் மதுக்கடைக்கு எண்ணே கிடையாது. கூட்டப் பொருள் பெரும்பாலும் மேலே ஊரக வளர்ச்சி இயக்குநரகத்திலிருந்து வருவது. கொசு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, இன்ன திட்டம், அன்ன திட்டம் என்று நீளமான பட்டியல், கடைசியில் ‘இதர பொருள்கள்’. பெண்களின் வாழ்க்கை அந்த இதரத்துக்குள் வருகிறது. அது வருவதற்குள் மணி ஒன்றாகி டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும்.

மதுக்கடை கூடாது என்று கிராம சபைகளில் பெண்கள் போட வைத்த தீர்மானங்கள் ஏராளம். எழுத்தில் அந்த வாக்கியம் ஏறுவதற்கே சண்டை போட வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கடைகள் ஊருக்குள் நகர்ந்து வந்தன. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் போராடிய பெண்ணின் கன்னத்தில் அறைந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. பதிவேட்டில் இடமில்லாத பேச்சு ரோட்டுக்குத்தான் போகும். ரோட்டில் அதற்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை அந்தக் காட்சி சொல்லிவிட்டது.

பதிவேட்டில் என்ன எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுப்பது பற்றி அங்குள்ள கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார, 12 கிராம சபைகளும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை. அங்கே சபையின் சொல் எழுத்தில் நின்றதால்தான் மலை நின்றது. அதற்கு வனவுரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது, நம் ஊர் மதுக்கடைக்கு அது இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் நம் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கூடுதலாக முக்கியம்.

உள்ளாட்சி மக்களாட்சி என்றதும் மேடையில் உத்திரமேரூரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, குடவோலை, ஆயிரம் ஆண்டுப் பெருமை. கல்வெட்டை முழுசாகப் படித்தால் யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்றும் இருக்கிறது. கால் வேலிக்குக் குறையாத வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கும் 70-க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி. அது பிராமண ஆண்களின் சபை. கணக்குக் காட்டாதவரையும் அவரது உறவினரையும் தள்ளி வைத்த நேர்மையை மெச்சலாம். ஆனால் அதையே நம் கிராம சபைக்குப் பாட்டியாகக் காட்டுவதை ஏற்க முடியாது. நம் கிராம சபையின் வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. தனித்தொகுதி ஆனதற்காக 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்ட மேலவளவிலும், பத்தாண்டு தேர்தலே நடத்த விடாத பாப்பாபட்டி, கீரிப்பட்டியிலும் இருக்கிறது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டு மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானபோது, பதிவேடு எழுதாததைப் புகைப்படம் எழுதியது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. பாதி நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தபோது ‘தலைவரின் கணவர்’ என்று ஒரு பதவி தானாக முளைத்தது. துண்டறிக்கையில் அவர் படம் பெரிதாகவும் தலைவர் படம் சின்னதாகவும் இருக்கும். இதைச் சொல்லியே இடஒதுக்கீடு வீண் என்பார்கள். பினாமி வேலை பார்ப்பவன் ஆண், பழி மட்டும் பெண்ணுக்கு. இப்போது அந்த நாற்காலியும் காலி. 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போவதைக் கட்சிக் கணக்காக மட்டுமே பத்திரிகைகள் எழுதின. பல்லாயிரம் பெண்கள் ஒரே நாளில் பதவியிழந்தது யாருக்கும் தலைப்புச் செய்தியாகப் படவில்லை.

மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன் பெண்கள் மட்டும் கூடும் மகளிர் சபை நடத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. கேரளத்தில் அயல்கூட்டத்தில் பேசித் தீர்த்த கோரிக்கையோடு குடும்பஸ்ரீ பெண்கள் சபைக்கு வருகிறார்கள். இங்கே சுய உதவிக் குழுக்கள் மாதா மாதம் கூடுகின்றன. கடன் தவணைப் பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினால் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டிய கோரிக்கையை எழுதி முன்கூட்டியே ஊராட்சிக்குக் கொடுத்துவிடலாம். அப்போது அது இதரத்தில் விழாது.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் ஊராட்சியின் கடைசி ஐந்தாண்டுத் தீர்மானங்களின் நகலைக் கேளுங்கள். வருகைப் பதிவில் பெண்களின் கையெழுத்தையும் கைரேகையையும் எண்ணுங்கள். பிறகு, பேசியவராக எழுதப்பட்ட பெண்களின் பெயர்களை எண்ணுங்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு அக்கா பேசும்போது பக்கத்தில் நின்று, அவர் பெயரையும் அவர் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.