எலிக்கு மட்டும் பாடம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்திறக்காத ஒன்றை எப்படிப் பேசுவது என்று கேட்டால், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் கைகாட்டும் நூல்களில் ஒன்று ‘டிஃபிகல்ட் கான்வர்சேஷன்ஸ்’. ஹார்வர்டு பேச்சுவார்த்தைத் திட்டத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்டோன், புரூஸ் பேட்டன், ஷீலா ஹீன் மூவரும் எழுதி 1999இல் வெளிவந்தது. கடினமான எந்தப் பேச்சுக்குள்ளும் மூன்று பேச்சுகள் ஓடுகின்றன என்பது அதன் அடிப்படை: நடந்தது என்ன, மனதில் இருப்பது என்ன, இதில் நான் எப்படிப்பட்டவனாகத் தெரிகிறேன். குற்றவாளியைத் தேடாதே, அவரவர் பங்கைப் பார். எதிராளியின் நோக்கத்தை நீயே தீர்மானிக்காதே. இருவருக்கும் வெளியே நிற்கும் மூன்றாமவர் சொல்லக்கூடிய கதையிலிருந்து தொடங்கு. இவையே அதன் பரிந்துரைகள்.

இவற்றில் சோடை எதுவும் இல்லை. நிறுவன நடத்தையை ஆராய்ந்த கிறிஸ் ஆர்ஜிரிஸிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பயிற்சி அருமையானது. தாளை இரண்டாகப் பிரித்து வலப்பக்கம் பேசியதையும், இடப்பக்கம் பேசாமல் விழுங்கியதையும் எழுதிப் பார்க்க வேண்டும். “சரிங்க சார்” என்ற இரண்டே சொற்களுக்கு எதிரே இடப்பக்கம் எத்தனை வரிகள் நிரம்பும் என்பதை நம் ஊர் ஊழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நூலின் முதன்மை உதாரணம், இரவு வெகுநேரம் விழித்து நண்பருக்குக் கையேடு தயாரித்துக் கொடுத்தவர், அதில் ஒரு வரைபடம் பிசகியதற்காக அந்த நண்பரிடமே வாங்கிக் கட்டிக்கொள்வது. இருவர், ஒரு மனத்தாங்கல். பாரம் ஏறும் இடத்தில் இந்த முறை தாங்குமா என்று பார்க்க நாசாவின் இரண்டு விபத்துகளை எடுத்துக்கொள்கிறேன்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். யூட்டாவில் மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் ரோஜர் போஷ்லேயும் ஆர்னி தாம்ப்சனும், குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நாசா அதிகாரிகள் எரிச்சலோடு மறுத்தார்கள். நிறுவனத்தார் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு சுமார் அரைமணி நேரம் தனியே கூடினார்கள். பொறியியல் துணைத்தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிர்வாகி தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார் அவருடைய மேலதிகாரி. நிர்வாகிகள் நால்வர் மட்டும் முடிவெடுத்தார்கள்: ஏவலாம். பிறகு, யாருக்கும் மறுப்பு உண்டா என்று நாசா தரப்பு கேட்டபோது யாரும் பேசவில்லை. ஃபுளோரிடாவில் இருந்த நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் கிளம்பிய 73 விநாடிகளில் ஓடம் சிதறியது, எழுவர் மாண்டார்கள்.

2003 ஜனவரி 16இல் கொலம்பியா ஓடம் கிளம்பிய 82ஆம் விநாடியில் நுரைக்கட்டி ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதத்தைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டது மேலே எடுபடவில்லை. நாசா பொறியாளர் ராட்னி ரோச்சா காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார், அச்செடுத்தார், சக ஊழியரிடம் காட்டினார், அனுப்பவில்லை. அதிகார வரிசையைத் தாண்ட விரும்பவில்லை என்று பிறகு விசாரணையில் சொன்னார். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட எழுவரோடு ஓடம் சிதறியது. ஆர்ஜிரிஸின் இடப்பக்க வரிகளுக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது.

ரோச்சாவின் கதையை மட்டும் பார்த்தால் நூல் வென்றுவிடுகிறது. காட்டத்தைக் குறைத்து, மூன்றாமவர் கதையாக மாற்றி, அந்த மடலை அனுப்பத் தகுந்ததாக்க அது உதவியிருக்கும். அனுப்பியிருந்தால் படம் கிடைத்திருக்குமா என்பது வேறு. ஆனால் போஷ்லேயின் முன்னால் நூலுக்குப் பதில் இல்லை. அவர் பேசினார், அதற்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், எழுத்திலும் எச்சரித்திருந்தார்.

இரு விபத்துகளுக்கும் பொதுவானது நிரூபிக்கும் பொறுப்பு தலைகீழானது. ‘ஆபத்தில்லை என்று காட்டு’ என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய இடத்தில், ‘ஆபத்து என்று நிரூபி’ என்று பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது. கொலம்பியாவில் இது அபத்தத்தின் எல்லைக்கே போனது: ஆதாரத்துக்குப் படம் தேவை, படம் வேண்டுமென்றால் ஆதாரம் தேவை. எந்த நயமான தொடக்க வாக்கியமும் இந்த முடிச்சை அவிழ்க்காது. அவரவர் பங்கைப் பார் என்ற அறிவுரையும் இங்கே கோணலாகிறது. சம்பளம் வாங்குபவர் தன் பங்கை முதலில் ஒப்புக்கொண்டால், கூட்டக் குறிப்பில் அது மட்டும்தான் மிஞ்சும்.

ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எப்போது பேசாமல் விட்டுவிடலாம் என்பதற்கும் நூலில் இடம் உண்டு. 2010 பதிப்பில் வாசகர்களின் பத்துக் கேள்விகளைச் சேர்த்தபோது, எதிரே இருப்பவர் முழு அதிகாரமும் கொண்ட மேலதிகாரி என்றால் என்ன செய்வது என்பதையும் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட இடம்தான் சிக்கல்: அதிகாரம் இந்நூலில் பின்னிணைப்பு. பூனைக்கு மணி கட்டும் பதவிசை எலிக்குக் கற்றுத்தரும் நூல் இது. பூனையைப் பற்றிய அத்தியாயம் கடைசியில் ஒட்டவைத்தது.

விமானத் துறை இந்த அதிகாரச் சிக்கலைச் சரியாகக் கையாண்டது. 1978 டிசம்பரில் போர்ட்லாந்தில், சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம் சிக்கியிருக்க, யுனைடெட் விமானத்தில் எரிபொருள் தீர்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைப் பற்றி விமானப் பொறியாளர் சொன்னது அழுத்தமாக விழவில்லை. விசாரணைக் குழு கீழிருப்பவர்களுக்கு உறுதியாகப் பேசும் பயிற்சியைப் பரிந்துரைத்த அதே வரியில், கேப்டன்களுக்குக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சியையும் பரிந்துரைத்தது. தவறுகளைத் தெரிவிப்பதற்கென்று 1976இலேயே ஒரு தனி வழி வந்திருந்தது: அறிக்கை தண்டிக்கும் துறைக்குப் போகாமல் நாசாவுக்குப் போகும், எழுதியவர் பெயர் நீக்கப்படும்.

ஆகவே என் முடிவு: சமமானவர்களுக்கு இடையே இந்த நூல் முதல் தரம். மேலதிகாரி படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் சிறந்த பகுதிகள் உண்மையில் கேட்பது பற்றியவை. ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி யாரும் தயங்காமல் பேசலாம் என்று அறிவிக்கும் நிர்வாகத்தின் கையில் அது ஒரு தட்டிக்கழிப்பு. சேலஞ்சர் விசாரணைக் குழு முன் உண்மையைச் சொன்ன போஷ்லேயை நிறுவனம் ஓரங்கட்டியது. மெக்டொனால்டைப் பதவி இறக்கியது. அந்தப் பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது, நிறுவனத்தின் நாசா ஒப்பந்தங்களில் கைவைப்போம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் குரல் எழுந்த பிறகுதான்.