மண்வாகும் சொல்மரபும்: வாட்சுஜியின் 'ஃபூடோ' குறித்து ஒரு மறுநோக்கு

ஜப்பானியரின் பண்பாட்டை அந்நாட்டின் நிலமும் பருவமும் உருவாக்கின என்பது ஐயத்திற்கு இடமற்ற கருத்தாகவே வழங்கிவருகிறது. இதற்குத் தத்துவ வடிவம் தந்த நூல் வாட்சுஜி டெட்சுரோ 1935இல் வெளியிட்ட 'ஃபூடோ'. மொழிச் சான்றுகளின் முன் அந்நூலின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஆராயத்தக்கது.

'ஃபூடோ' என்பது காற்று, மண் எனப் பொருள்படும் இரு சீன எழுத்துகளின் கூட்டு. 713இல் அரசி கென்மெய் இட்ட ஆணைப்படி மாநிலந்தோறும் ஊர்ப்பெயர்களும் விளைபொருள்களும் பழங்கதைகளும் தொகுக்கப்பட்டன; அத்தொகுப்புகள் 'ஃபுடோகி' எனப் பெயர்பெற்றன. ஆகவே இச்சொல்லில் நிலத்தோடு நிலத்தைப் பற்றிய பேச்சும் நெடுங்காலமாகக் கலந்துள்ளது. 1961இல் வெளிவந்த ஜெஃப்ரி பௌனஸின் ஆங்கில மொழிபெயர்ப்போ தட்பவெப்பம் எனப் பொருள்படும் சொல்லைத் தலைப்பாக்கியது. பாதிப் பொருள் தலைப்பிலேயே உதிர்ந்துவிட்டது.

வாட்சுஜி 1927இல் ஜெர்மனிக்குச் சென்றவர். ஹைடெக்கர் காலத்துக்குத் தந்த முதன்மையை இடத்துக்குத் தரவில்லை என்பது அவர் கண்ட குறை. நூலின் முதல் இயல் நுட்பமானது. குளிர் என்பது வெளியே நின்று மனிதரைத் தாக்கும் பொருளன்று. குளிரை உணர்கையில் மனிதர் தம்மையே அதனுள் கண்டுகொள்கின்றனர். உடையும் வீடும் அப்புரிதலின் வெளிப்பாடுகள் என்கிறார். அடுத்த இயல்களில் இந்நுட்பம் கைவிடப்படுகிறது. பருவக்காற்று, பாலைவனம், புல்வெளி என உலகம் மூன்றாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணம் ஒட்டப்படுகிறது. இந்தியருக்குக் கிடைப்பவை வரலாற்றுணர்வின்மை, உணர்ச்சி மிகுதி, மனவுறுதியின் தளர்ச்சி ஆகியவை. ஈரக்காற்றிலிருந்து வரலாற்றுணர்வின்மைக்கு இடையில் எத்தனை படிகள் விடுபட்டுள்ளன! கோடைக்காலப் பருவக்காற்றையே அச்சாகக் கொண்ட இச்சித்திரத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் சோழமண்டலக் கரைக்கு இடமில்லை. ஜப்பானும் ஒரே நிலமன்று. குளிர்காலத்தில் மேற்குக் கடற்கரை பனியில் புதையும்போது தோக்கியோவில் வானம் தெளிந்திருக்கும். வடக்கே ஹொக்காய்டோவில் ஜூன் மாதத்து 'ட்சுயு' மழைக்காலம் பெரும்பாலும் தென்படுவதில்லை.

இலக்கியச் சான்று இன்னும் வலுவானது. 905ஆம் ஆண்டளவில் அரசாணையால் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷூ'வின் 20 பகுதிகளில் முதல் ஆறும் பருவப் பாடல்கள். அவற்றுள் இளவேனிலுக்கு 134, இலையுதிர்காலத்துக்கு 145, கோடைக்கு 34, குளிர்காலத்துக்கு 29. அன்றைய தலைநகரான கியோத்தோவின் கோடை நீண்டது, புழுக்கம் மிகுந்தது. தட்பவெப்பமே கவிதையைத் தீர்மானித்திருப்பின் இக்கணக்கு வேறாக இருந்திருக்கும். எப்பருவம் பாடத்தக்கது என்பதை அரசவை மரபு தேர்ந்தது. அந்தத் தேர்வே பின்னர் இயற்கை எனப் பெயர்பெற்றது. பாடல்பெற்ற இடப்பெயர்களான 'உதாமகுரா'வும் இவ்வாறே. ஷிரகாவா எல்லைவாயில் பற்றிய பாடலைத் தலைநகரிலிருந்தே எழுதிய துறவி நோஇன், பயணம் போய்வந்ததாகக் காட்ட வீட்டில் ஒளிந்து வெயிலில் முகத்தைக் கறுக்க வைத்தார் என ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அங்கே போகாமலும் பாடலாம் என்பதை அதனைச் சொன்னவர்கள் அறிந்திருந்தனர்.

ஹைக்குவின் பருவச்சொல்லான 'கிகோ'வையும் இங்கே கருதலாம். 1873இல் ஜப்பான் புதிய நாட்காட்டியை ஏற்றது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் தானபாதா விழா பல ஊர்களில் மழைக்கால ஜூலைக்கு நகர்ந்தது. பருவச்சொல் அகராதியிலோ அது இன்றும் இலையுதிர்காலத்துச் சொல். வானம் மாறியபின்னும் சொல் தன் பருவத்தை விடவில்லை.

நிலக்காட்சி என்னும் கருத்தே மெய்ஜி காலத்து இலக்கியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது எனக் கராதானி கோஜின் 1980இல் வாதிட்டார். இதற்குத் தக்க சான்று குனிகிடா டோப்போவின் 'முசாஷினோ' (1898). பழம்பாடல்களில் முசாஷினோ நாணல்போன்ற புல்லும் நிலவும் நிறைந்த வெளி. டோப்போ கண்டதோ இலையுதிர் மரங்களின் தோப்பு. அதன் அழகைத் தமக்கு உணர்த்தியது துர்கனேவ் கதையொன்றின் பகுதி என அவரே கூறுகிறார். ஃபுதாபதெய் ஷிமெய் 1888இல் ருஷ்ய மொழியிலிருந்து பெயர்த்தது அது. தோக்கியோவை அடுத்த ஒரு நிலம் மொழிபெயர்ப்பு ஒன்றின் வழியாகவே கண்ணுக்குப் புலப்பட்டது. இது வாட்சுஜியின் வகைப்பாட்டில் எங்கும் அடங்காது. சீனப் போர் தொடங்கிய 1894இல் ஷிகா ஷிகெதாகா எரிமலையும் நீராவியும் மிக்க தம் நாட்டின் நிலத்தைப் புகழ்ந்து எழுதிய நூல் பெருவாசிப்புப் பெற்றதும் தற்செயலன்று.

தமிழில் 'ஃபூடோ'வுக்குத் 'திணை' பொருந்தும் என முதலில் தோன்றும். ஆயின் திணை பாடற்பொருளின் ஒழுங்கு; குறிஞ்சி நிலத்தார் அனைவரும் ஒரே மனப்பாங்கினர் என அது கூறுவதில்லை. அது 'கிகோ'வுக்கும் 'உதாமகுரா'வுக்குமே அண்மையது. மண்ணின் இயல்பையும் அதன்மேல் ஏற்றப்படும் மக்களின் இயல்பையும் ஒருசேரச் சுட்டவல்ல 'மண்வாகு' என்பதே வாட்சுஜியின் சொல்லுக்கு நெருக்கமாகப் படுகிறது. முதல் இயலில் ஒரு சொல்லும் பின்னியல்களில் 'தட்பவெப்பம்' என வேறு சொல்லும் இட்டால் நடை தெளிவாகும். அவரது வாதம் இடையில் தடம் மாறுவது மறைந்துவிடும். நூல் முழுவதும் ஒரே சொல்லை ஆண்டால், அது எங்கே தன் பொருளை இழக்கிறது என்பதை வாசகர் தாமே காண்பர்.